எட்டு மாதம் வீட்டில் கிடந்த கணக்குப் பெட்டி

சின்னக் குழந்தைகளுக்கு எண்ணவும் கூட்டவும் பழக்குகிற இந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதிவிடுகிறார்கள். பிரித்த அன்றைக்கு எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது? பொருள் வந்த அட்டைப் பெட்டியே பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு இது வந்து எட்டு மாதம் ஆகிறது. மகளுக்கு அப்போது மூன்றரை வயது, இப்போது நான்கைத் தாண்டிவிட்டாள். இதில் எது தினமும் கையில் எடுக்கப்படுகிறது, எது அலமாரிக்கு மேலே போய்விட்டது என்பதெல்லாம் இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது, அதனால் இப்போது எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இதே பொருட்கள் நாலைந்து வேறு லேபிள்களில் வருவதைப் பார்த்துவிட்டேன், மூடியின் படம்தான் மாறுகிறது. அதனால் ஒரு கம்பெனியைத் திட்டி யாருக்கும் பயனில்லை. உள்ளே இருந்தவை: பத்து நிறத்தில் 74 மரக்குச்சிகள், பத்துக் கட்டம் போட்ட இரண்டு பலகைகள், ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் மஞ்சளுமாக 20 வில்லைகள், 0 முதல் 20 வரை எண் அட்டைகள், புள்ளி வைத்த பகடை இரண்டு, ஒரு விளையாட்டு அட்டை, 100 மணி கோத்த மணிச்சட்டம், பிளாஸ்டிக் தராசும் அதில் வைக்கக் குட்டிக் கரடிகளும், புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் புத்தகம், மூன்று மாதத்துக்கு ஒரு ஆப், அப்புறம் பெற்றோருக்கான கையேடு. மூடியில் "30 நாளில் கூட்டல்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருட்களில் பாதி நல்லவை, சில அருமையானவை. கையேடுதான் மோசம், அதுவும் சாதாரண மோசம் இல்லை, நல்ல பொருளைத் தப்பான வரிசையில் கொடுத்து, குழந்தைக்குக் கணக்கு வராது என்று பெற்றோரையே நம்ப வைக்கிற அளவுக்கு மோசம். எங்கள் முதல் மாதம் அப்படித்தான் வீணானது.

நடந்தது இதுதான். மகள் இருபது வரை மூச்சு விடாமல் சொல்லுவாள், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கைதட்டுவார்கள். கையேட்டின் முதல் பக்கத்தில், குழந்தைக்குப் பத்து வரை சொல்லத் தெரிந்தால் நேராக நான்காம் பாடத்துக்குப் போகலாம் என்று எழுதியிருந்தது. நானும் போனேன். நான்காம் பாடம் குச்சிகளை வைத்துக் கூட்டல். அவள் குச்சிகளை அடுக்கி வீடு கட்டினாள். நான் கூட்டலுக்கு இழுக்க, அவள் வீட்டுக்கு இழுக்க, பதினைந்து நாளில் இருவருக்குமே அந்தப் பெட்டியைப் பார்த்தால் எரிச்சல் வந்தது.

ஒருநாள் சமையலறையில் சும்மா "பாப்பா, அஞ்சு ஸ்பூன் எடுத்துக் குடு" என்றேன். கைநிறைய அள்ளிக் கொடுத்தாள். எண்ணச் சொன்னேன், விரல் வைத்து ஒன்று முதல் எட்டு வரை சரியாக எண்ணினாள். "அப்ப எத்தனை ஸ்பூன் இருக்கு?" என்று கேட்டேன். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் எண்ணினாள், எட்டு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை "எத்தனை?" என்பது "பாடு" என்கிற கட்டளை, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது கொஞ்சம் பயமாகவே இருந்தது. பிறகு தேடிப் படித்ததில் இது குறை இல்லை, எல்லாக் குழந்தையும் கடக்கிற கட்டம் என்று தெரிந்தது. 1978இல் ராச்செல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் எண்ணுவதற்குள் ஐந்து தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான், விடக்கூடாது, இரண்டு முறை தொடக்கூடாது. சொற்களின் வரிசை மாறாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது. என் மகளிடம் இருந்தது இரண்டாவதும், ஏறக்குறைய முதலாவதும். மூன்றாவது இன்னும் வரவில்லை. அது வராமல் கூட்டல் எங்கிருந்து வரும்?

நான் தற்செயலாகக் கேட்ட ஸ்பூன் கேள்வியும் ஒரு பரிசோதனையாகவே இருக்கிறது. "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்ப்பது. 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியலாளர் இதை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு விஷயம் தெரிந்தது. ஒன்று கேட்டால் மட்டும் சரியாகக் கொடுத்து, அதற்கு மேல் எது கேட்டாலும் கையில் வந்ததை அள்ளிக் கொடுக்கிற கட்டம் ஒன்று இருக்கிறது. பிறகு இரண்டு தெரிகிற கட்டம், பிறகு மூன்று. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகப் பல மாதம் ஆகலாம். அப்புறம் ஒருநாள் எண்ணிக்கை என்றால் என்ன என்பதே பிடிபட்டு, ஐந்து ஆறு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். பொதுவாக இது மூன்றரை, நான்கு வயதை ஒட்டி நடக்கிறது. "30 நாளில் கூட்டல்" என்று அச்சடித்தவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் அச்சடித்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பெட்டி வாங்குவதற்கு முன்னால், அல்லது வாங்கிய பிறகு கையேட்டைத் திறப்பதற்கு முன்னால், இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பொத்தான், ஸ்பூன், சாக்ஸ், எதுவானாலும் சரி. மூன்று கேளுங்கள், நான்கு கேளுங்கள். தப்பாகக் கொடுத்தால் திருத்த வேண்டாம், வாங்கி வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள். என் மகள் அன்றைக்கு மூன்று வரை சரியாகக் கொடுத்தாள். ஆக எங்கள் பாடம் நான்கிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, நான்காம் பாடத்திலிருந்து அல்ல.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

பெட்டியிலேயே சிறந்தது எது என்றால் யோசிக்காமல் சொல்வேன், இரண்டு பகடைகள். கையேட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மூன்று, நான்கு பொருள் வரை மனிதக் கண்ணுக்கு எண்ணவே தேவையில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். 1949இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு சபிடைசிங் என்று பெயர் வைத்தார்கள், திடீரென்று என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து. பகடையின் புள்ளிகள் இந்தத் திறமையைக் கொஞ்சம் நீட்டிவிடுகின்றன. ஐந்து என்றால் நாலு மூலையும் நடுவில் ஒன்றும், ஆறு என்றால் இரண்டு மூன்று. உருட்டி உருட்டிப் பார்த்தே அந்த வடிவங்கள் மனதில் பதிகின்றன. இரண்டாவது மாதம் முழுக்க நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பகடை உருட்டுவது, எத்தனை விழுந்ததோ அத்தனை வில்லையை எடுப்பது. யாரிடம் அதிகம் சேர்ந்திருக்கிறது என்று கடைசியில் பார்ப்பது. எண்ணு, சொல்லு, எழுது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஆறு வந்தால் அவளாகவே கத்துவாள். பேராசையை விடச் சிறந்த கணக்கு ஆசிரியர் உண்டா என்று தெரியவில்லை.

பகடை வாங்கும்போது புள்ளி போட்டதா என்று பாருங்கள். எண் உருவம் அச்சடித்த பகடைகளும் வருகின்றன, இந்த வயதில் அவை வேண்டாம். 5 என்கிற உருவத்தில் ஐந்தைக் காட்டுகிற எதுவும் இல்லையே.

விளையாட்டு அட்டை பெரிய ஏமாற்றம். அழகான படம், வட்டமாகச் சுற்றிவருகிற பாதை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மிருகம், மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் எண். 2008இல் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஏழைக் குடும்பங்களின் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது இதைவிட எளிய அட்டை. 1 முதல் 10 வரை ஒரே நேர்க்கோட்டில் சம அளவுக் கட்டங்கள், 1 அல்லது 2 மட்டும் காட்டுகிற ஒரு சுழல் முள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 15 நிமிடம் அளவுக்கு விளையாடினார்கள். எது பெரிய எண் என்று சொல்வது, எண் உருவத்தை அடையாளம் காண்பது, எண்ணுவது எல்லாம் மேம்பட்டன, ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வெறும் நிறம் போட்ட அட்டையில் விளையாடிய குழந்தைகளுக்கு இந்த முன்னேற்றம் இல்லை. அடுத்து வட்டமான அட்டையையும் வைத்துப் பார்த்தார்கள், நேர்க்கோடு கொடுத்த பலனை அது கொடுக்கவில்லை. நேர்க்கோட்டில் எண் பெரிதாக ஆக ஆகத் தூரமும் கூடுகிறது, நகர்த்த ஆகும் நேரமும் கூடுகிறது, சொல்கிற சொற்களும் கூடுகின்றன. வட்டத்தில் பத்து போய் ஒன்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் பெட்டியில் வந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் ஸ்கேல் வைத்துப் பத்துக் கட்டம் வரைந்தேன். பகடையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூன்று பக்கம் ஒரு புள்ளி, மூன்று பக்கம் இரண்டு புள்ளி ஆக்கினேன். இதற்கு ஆன நேரம் ஐந்து நிமிடம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நானே ரொம்ப நாள் தப்பாகச் செய்தது. காய் 6இல் நிற்கிறது, பகடையில் 2 விழுகிறது என்றால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக்கூடாது, "ஏழு, எட்டு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தினால் பலன் கிட்டத்தட்டப் போய்விடுகிறது என்பதையும் பின்னால் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் குழந்தைக்கு இது வராது, கட்டத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்துச் சொல்ல நாம் கூடவே சொல்ல வேண்டும். வீட்டில் பாட்டி விளையாட உட்கார்ந்தால் பழைய பழக்கத்தில் ஒன்று, இரண்டு என்றுதான் நகர்த்துவார். மகள் இப்போது அவரைத் திருத்துகிறாள், "பாட்டி, ஏழு சொல்லுங்க."

பத்துக் கட்டப் பலகை பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்த அன்றைக்கு நான் இதைத்தான் உபயோகமற்றது என்று நினைத்தேன். ஏழு வில்லையை மேசையில் கொட்டினால் அது ஒரு குவியல். இந்தப் பலகையில் வைத்தால் மேல் வரிசை நிறைந்திருக்கிறது, கீழே இரண்டு, மூன்று காலி. ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்துக்கு மூன்று குறைவு, இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. நான் பலகையை ஒரு நொடி காட்டிவிட்டுப் புத்தகத்தால் மூடிவிடுவேன், எத்தனை என்று சொல்ல வேண்டும். முதலில் ஊகம்தான் வந்தது. ஒருநாள் "ஒன்பது" என்றாள், எப்படித் தெரியும் என்று கேட்டேன், "ஒரு வீடு காலியா இருந்துச்சு" என்றாள். எட்டு மாதத்தில் எனக்குப் பிடித்த பதில் அதுதான்.

இந்தப் பலகைக்காக யாரும் பெட்டி வாங்க வேண்டியதில்லை, ஒரு தாளில் வரைந்தால் போதும். இதை எழுதுவது கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது.

குச்சிகள். இவைதான் பெட்டியின் கதாநாயகன், மூடியில் பெரிதாகப் போட்டிருப்பதும் இவற்றைத்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குயிசெனேர் என்ற பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்து 1952இல் புத்தகமாக எழுதியது, பிறகு கேலப் கட்டெக்னோ என்ற கல்வியாளர் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். வெள்ளை 1 செ.மீ., சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, கரும்பச்சை 6, கறுப்பு 7, பழுப்பு 8, நீலம் 9, ஆரஞ்சு 10. குச்சியின் மேல் எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. அதுதான் இதன் அழகு, அதுதான் மூன்றரை வயதில் இதன் சிக்கலும். எண்ணத் தெரியாத குழந்தைக்கு மஞ்சள் குச்சி என்பது ஒரு குச்சி. அதைப் போய் ஐந்து என்று நாம் சொன்னால் அது நம்மை ஒரு மாதிரிப் பார்க்கும், பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது. மிரட்டி மனப்பாடம் செய்ய வைத்தால் வேறொரு வம்பு வரும். முதல் மாதத்தில் நான் "மூணும் ரெண்டும் எத்தனை?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் "மஞ்சள்". எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்ச நேரம்.

இதே இடத்தில் மாண்டிசோரி முறையின் எண் கம்புகள் இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை பத்துக் கம்புகள், ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வண்ணம். அதனால் ஐந்து என்பது ஐந்து துண்டாகக் கண்ணுக்குத் தெரியும், தொட்டு எண்ணலாம், ஆனாலும் ஒரே கம்பு. பத்தைத் தூக்க இரண்டு கையையும் விரிக்க வேண்டும், ஒன்றைத் தூக்கக் கைப்பிடி போதும். அதை வாங்கவில்லை, பழைய அட்டைப் பெட்டியை நறுக்கி ஒட்டிச் செய்துகொண்டேன், ஒன்பதாவது கம்பு கொஞ்சம் கோணல்.

வண்ணக் குச்சிகளை ஐந்தாவது மாதம்தான் மறுபடி எடுத்தோம், அதுவரை அவை வீடு கட்டத்தான். அந்த வீடு கட்டலும் வீண் போகவில்லை, எது எதை விட நீளம், எந்த இரண்டு சேர்ந்தால் எதற்குச் சமம் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. வெள்ளையிலிருந்து ஆரஞ்சு வரை படிக்கட்டாக அடுக்குவது அவளே கண்டுபிடித்த விளையாட்டு. ஒவ்வொரு படியும் ஒரு வெள்ளை உயரம் என்று ஒரு வெள்ளையை வைத்து வைத்து எடுத்துச் சரிபார்த்தாள். அடுத்த எண் என்றால் ஒன்று கூட என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இப்போது என் புகார். எங்களுக்கு முதலில் வந்த குச்சிகள் ஒழுங்காக வெட்டப்படவில்லை. இரண்டு மஞ்சளை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீண்டது, பத்து வெள்ளையை வரிசையாக வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு கட்டையிலும் பெயின்ட்டின் தடிமன் கூடுகிறது, பத்துக் கட்டையில் அது பத்து மடங்காகிவிடுகிறது. பெரியவர்கள் கண்ணுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. "அப்பா, இது சமமா இல்லை" என்று குழந்தை சொல்லும்போது என்ன பதில் சொல்வது? இந்தப் பொருளின் மொத்த வேலையே சமமாக இருப்பதுதான். படம் எடுத்து அனுப்பினேன், நான்கு நாள் பதில் இல்லை, பிறகு குழந்தைகளுக்கு இந்தத் துல்லியம் தேவைப்படாது என்று ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு வேறு செட் அனுப்பினார்கள், அது ஒழுங்காக இருந்தது. ஆக வாங்கினால் முதல் நாளே பத்து வெள்ளையையும் ஓர் ஆரஞ்சையும் சுவரோரமாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

மணிச்சட்டம் எங்கள் வீட்டில் கிலுகிலுப்பையாகப் பணியாற்றுகிறது. பத்து வரிசை, வரிசைக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் பத்து மணி. ஒரு வரிசையில் பத்தும் ஒரே நிறம் என்பதால் ஏழு மணியைத் தள்ளினால் அது ஏழு என்று எண்ணாமல் தெரிய வழியே இல்லை. நெதர்லாந்தில் ரெகன்ரெக் என்று ஒன்று பயன்படுத்துகிறார்கள், இரண்டே கம்பி, ஒவ்வொன்றிலும் ஐந்து சிவப்பு ஐந்து வெள்ளை. அது போதும், அதுதான் வேண்டும். மணிச்சட்டம் தனியாக வாங்குகிறவர்கள் ஐந்துக்கு ஒரு நிறம் மாறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தராசு வீண். நடு அச்சு இறுக்கம், ஒரு பக்கம் ஒரு கரடி அதிகம் வைத்தாலும் அசையாமல் நிற்கிறது. நாலு கரடியும் ஐந்து கரடியும் சமம் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிற கருவி இது.

ஆனால் கரடிகளுக்கு வேறு ஒரு வேலை கிடைத்தது. ஆறு சிவப்பு வில்லையும் ஆறு மஞ்சள் வில்லையும் நேருக்கு நேர் வரிசையாக வைத்தால் இரண்டும் சமம் என்பாள். அவள் கண் முன்னாலேயே மஞ்சள் வரிசையைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் மஞ்சள்தான் அதிகம் என்பாள். ஜான் பியாஜே என்ற குழந்தை உளவியலாளர் காட்டிய புகழ்பெற்ற சோதனை இது, ஆறேழு வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்லும். கையேட்டில் இதை ஒரு பயிற்சியாகப் போட்டு, தவறாகச் சொன்னால் மீண்டும் மீண்டும் செய்யவும் என்று எழுதியிருக்கிறார்கள். செய்தால் என்ன ஆகும்? குழந்தைக்குப் பதில் தெரியும், காரணம் தெரியாது. 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பெரியவர் நகர்த்தாமல், ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போகிறது. அப்போது கேட்டால் நிறையக் குழந்தைகள் சமம் என்றே சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது போலும். எங்கள் குட்டிக் கரடியை வைத்துக் கலைத்துப் பார்த்தேன். "அது சும்மா தள்ளிவிட்டிருச்சு, அவ்வளவுதான் இருக்கு" என்றாள். அடுத்த வாரம் நானே நகர்த்திக் கேட்டேன், மஞ்சள் அதிகம் என்றாள். இதில் யாரைச் சோதிக்கிறோம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

எழுதிப் பழகும் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புள்ளிக்கோட்டின் மேல் 2 எழுதுவது கைப் பழக்கம், கணக்கு இல்லை. 3ஐயும் 7ஐயும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுகிறாள், இந்த வயதில் அது சகஜம். நாலு பக்கம் எழுதினாள், மீதியில் பூனை வரைந்திருக்கிறாள். எண் அட்டைகள் பரவாயில்லை, ஆனால் 6க்கும் 9க்கும் அடியில் கோடு போடவில்லை, தலைகீழாகப் பிடித்தால் சண்டைதான். 0 அட்டை இருந்தது நல்லது. காலிப் பலகைக்குப் பக்கத்தில் அதை வைத்து "இது ஒண்ணுமில்லையோட நம்பர்" என்றாள்.

ஆப் வேண்டாம். தப்பான பதிலைத் தொட்டால் ஒரு வேடிக்கைச் சத்தம் வருகிறது, சரியான பதிலுக்கு வருவதை விட அது சுவாரசியமாக இருக்கிறது, விளைவு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் தானாகவே சந்தா ஓட ஆரம்பித்துவிடும், அதை நிறுத்துகிற பொத்தான் நாலு திரைக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

கையேட்டில் விட்டுப்போன இன்னொன்று. இது வேறு மொழியில் எழுதித் தமிழுக்கு மாற்றியது என்று பார்த்தாலே தெரிகிறது, 11, 12 போன்ற எண்களின் பெயர்கள் குழப்பும், தனியாக மனப்பாடம் செய்ய வையுங்கள் என்று ஒரு பக்கம் முழுக்க அறிவுரை. ஆங்கிலத்தில் அது சரி. லெவன் என்பதில் பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நமக்குப் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், பதினான்கு என்றால் பத்தும் நான்கும், சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. சீன மொழியிலும் இப்படித்தான், அமெரிக்க, சீனக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் பத்து வரை பெரிய வித்தியாசம் இல்லை, பத்தைத் தாண்டியதும் சீனக் குழந்தைகள் முந்திவிடுகிறார்கள். நம் கையில் இருக்கிற வசதியை நாம் பயன்படுத்தலாமே. இரண்டு பத்துக் கட்டப் பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை நிரப்பி அடுத்ததில் நான்கு வைத்து, "பத்து, நாலு, பதினாலு" என்று சொன்னால் தானாகப் புரிகிறது. எங்கள் வீட்டில் எண்ணுவது தமிழில்தான், ஆங்கிலப் பெயர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன.

ஆனால் தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்துப் பத்தாகச் சொல்லும்போது அறுபது, எழுபது, எண்பது வரை வழுக்கிக்கொண்டு போனவள் அடுத்து "ஒன்பது" என்று சொல்லி நின்றுவிட்டாள். முகத்தில் பெரிய குழப்பம். ஒன்பது முன்னாலேயே வந்துவிட்டதே! யோசித்துப் பார்த்தால் குற்றம் அவளுடையது இல்லை, ஒன்பதுக்கு வாலில் எதற்கு ஒரு "பது"? தொண்ணூறு என்று சொல்லிக் கொடுத்தேன், அதில் எதற்கு நூறு என்று கேட்டாள். தூங்குகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் இந்தப் பெட்டி தரையில் திறந்து கிடக்கக்கூடாது. வெள்ளைக் கட்டை 1 செ.மீ. கனம், பகடை, குட்டிக் கரடி எல்லாமே தொண்டையில் சிக்குகிற அளவு. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் பொருளை மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மையில் வைக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி, அந்தக் குழாய்க்குள் எங்கள் பெட்டியில் பாதி போய்விடும். எண்கள் காந்தமாக வருகிற பெட்டிகளும் இருக்கின்றன. ஒன்றுக்கு மேல் காந்தத்தை விழுங்கினால் குடலின் இரு பக்கத்திலிருந்தும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். காந்தம் கழன்று வெளியே வருகிற மாதிரி இருந்தால் வாங்கவே வேண்டாம்.

எவ்வளவு நேரம் செய்கிறோம் என்று கேட்கிறார்கள். பத்து நிமிடம், சில நாள் ஐந்து, பல நாள் ஒன்றுமில்லை. அவள் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுவேன், மறுநாள் அவளே பெட்டியைத் தூக்கி வருவாள். மூடியில் வேறு ஒரு வாசகம் இருக்கிறது, சிறு வயதுக் கணக்குத் திறன் பின்னாளைய படிப்பைத் தீர்மானிக்கும் என்று ஆய்வில் நிரூபணமாம். பள்ளி சேரும்போது இருக்கிற கணக்கு அறிவுக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இருப்பதை 2007இல் கிரெக் டங்கன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஆறு பெரிய தரவுத் தொகுப்புகளை வைத்துக் காட்டினார்கள் என்பது உண்மை. தொடர்பு இருப்பது வேறு, தீர்மானிப்பது வேறு, அதற்காக இந்தப் பெட்டியை வாங்கச் சொல்வது முற்றிலும் வேறு.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். குச்சிகளுக்கு ஒன்று, பகடைக்கும் வில்லைக்கும் ஒன்று, பத்துக் கட்டத்துக்கு ஒன்று. கையேட்டுக்கு ஒன்றைக் கழிக்கலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன்.

போன வாரம் பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்னப் பையில் கைக்கு வந்த குச்சிகளைப் போட்டுக்கொண்டாள். அங்கே போய்ப் படிக்கட்டு அடுக்கியபோது கறுப்பு ஒன்றுகூட இல்லை, ஆறாம் படிக்கும் எட்டாம் படிக்கும் நடுவில் பள்ளம். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பையைத் துழாவி ஒரு மஞ்சளை எடுத்து வைத்தாள், அதன் தலையில் ஒரு சிவப்பை வைத்தாள், பக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கறுப்பு நாலும் எங்கள் வீட்டு சோபாவுக்கு அடியில் கிடந்தன, கரடி வீட்டுக்கு அவைதான் கூரையாம்.